இறங்கக் கற்ற கால்கள்

பழனிப் படியோ சபரிமலைப் பாதையோ ஏறி இறங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழவிடாமல் தொடையைப் பிடித்துக்கொள்வது, இறங்கியதன் வலி. ஏற்றத்தில் தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கி உடலைக் கீழே விடுகிறது. கிணற்றுக்குள் குடத்தை இறக்கும் கை கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டே பிடித்திருப்பதைப் போன்ற வேலை அது. தள்ளுகிற வேலை வேறு, தாங்குகிற வேலை வேறு. ஒன்றில் தேறிய கால் மற்றொன்றிலும் தேறியிருக்கும் என்று சொல்ல முடியாது. மலை சைக்கிள் ஓட்டுவது பனிச்சறுக்குக்கு உதவுமா, உதவினால் எப்படி என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடமும் இதுதான். சைக்கிள் மிதித்தால் காலுக்கு வலு, காலில் வலு இருந்தால் பனியில் சறுக்கலாம் என்பது பலரும் சொல்லும் கணக்கு. அது பாதிக் கணக்கு. சைக்கிள் பனிக்குத் தரும் பெரிய கொடை அதன் இறக்கத்தில் இருக்கிறது.

இந்தக் கேள்வியைத் திருவனந்தபுரத்தில் வைத்துக் கேட்பது விநோதமாகப் படலாம். தென்னையும் கடலும் உள்ள ஊருக்கும் பனிக்கும் என்ன உறவு? பனி இல்லைதான், ஆனால் சரிவு இருக்கிறது. நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், விதுரா, கல்லாறு தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வருவது பொன்முடி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். 2023 அக்டோபர் கடைசி வாரத்தில் இங்கேதான் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் அந்தப் போட்டியில் அடங்கியிருந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வேரும் கல்லும் சேறுமாக அமைந்த தடத்தில் ஆசியாவின் முன்னணி வீரர்கள் ஏறி இறங்கினார்கள். ஓர் ஒலிம்பிக் விளையாட்டுக்கு வேண்டிய சரிவு கேரளத்தின் தென்கோடியில் உண்டு என்பதற்கு அந்த நான்கு நாட்கள் போதுமான சாட்சி. அதே சரிவு இன்னோர் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் உதவுமா என்பதே இங்கே ஆராய வேண்டியது.

முதலில் பனிச்சறுக்கு காலிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். மலைச்சரிவில் கொடிகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஜெயன்ட் ஸ்லாலம் என்ற போட்டியை ஹான்ஸ் பெர்க் தலைமையிலான ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து, 1995இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கக் காலின் முழங்கால் மெதுவாக மடிகிறது. தொடைத் தசை நீண்டுகொண்டே அந்த அழுத்தத்தைத் தாங்குகிறது. பிறகுதான் கால் நிமிர்கிறது. சுருங்கித் தள்ளும் வேலையைவிட நீண்டு தாங்கும் வேலையே மேலோங்கி நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. பெரும்பாலான விளையாட்டுகளில் இப்படி இல்லை. ஓடுகிறவரும் தாண்டுகிறவரும்கூடத் தரையில் கால் படும் கணத்தில் மட்டும் தாங்கி, உடனே தள்ளிவிடுகிறார்கள். பனியில் சறுக்குகிறவரை இழுப்பது புவியீர்ப்பு. அவர் தள்ளத் தேவையே இல்லை. இழுக்கிற அந்த விசையை எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எப்போது இறுக்கிப் பிடிப்பது என்பதில்தான் அவர் திறமை. மேலே சொன்ன கயிற்றுக்காரரின் வேலை இது.

இங்கேயே முதல் மறுப்பு எழுகிறது, வலுவான மறுப்பும்கூட. சைக்கிள் மிதிப்பது முழுக்கத் தள்ளும் வேலை. பெடலைக் கீழே அழுத்தும்போது தொடைத் தசை சுருங்குகிறது. பெடல் மேலே வரும்போது அந்தக் காலுக்கு ஓய்வு. நாள் முழுக்க மிதித்தாலும் தாங்கும் பயிற்சி கிடைக்காது. அப்படியானால் சைக்கிளும் பனியும் எதிரெதிர் அல்லவா? மிதிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆம். வரலாறும் இதையே சொல்கிறது. சைக்கிளிலும் பனிக்கால விளையாட்டிலும் ஒருசேரப் புகழ் பெற்றவர்களில் பலர் பனித்தரையில் வேகமாகச் சறுக்கும் ஸ்பீட் ஸ்கேட்டிங்கிலிருந்து வந்தவர்கள். கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்டா லூடிங் ரோத்தன்பர்கர் 1988இல் கல்காரி குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் தங்கமும், அதே ஆண்டு சியோலில் சைக்கிள் வெள்ளியும் வென்றார். கனடாவின் கிளாரா ஹியூஸ் கோடைக்கால, குளிர்கால ஒலிம்பிக் இரண்டிலும் பதக்கம் பெற்றவர். ஸ்பீட் ஸ்கேட்டிங் தள்ளும் விளையாட்டு. இடுப்பைத் தாழ்த்தி, காலைப் பக்கவாட்டில் உதைத்து முன்னேறுவது. மிதிக்கும் தசை அங்கே நேராகப் பயன்படுகிறது. சமதளத்திலும் மேட்டிலும் பனியில் உந்திச் செல்லும் கிராஸ் கண்ட்ரி பந்தயத்துக்கும் இது பொருந்தும். அங்கே நெஞ்சுரமும் நீடித்த உழைப்பும் வேண்டும், சைக்கிள் ஏற்றம் இரண்டையும் தரும். மலைச்சரிவில் இறங்கும் பனிச்சறுக்குக்கு மட்டும் அந்தக் கணக்கு செல்லாது.

இந்த இடைவெளியைப் பயிற்சியாளர்களும் உணர்ந்திருந்தார்கள். பெடல் பின்னோக்கிச் சுழலும் விசித்திரமான ஒரு சைக்கிள் சுவிட்சர்லாந்தில் பயிற்சிக்கு வந்தது அப்படித்தான். நின்ற இடத்தில் இருக்கும் அந்த எந்திரத்தில் பெடலைச் சுற்றுவது மோட்டார்; அமர்ந்திருப்பவர் காலால் அதைத் தடுக்கப் பார்க்க வேண்டும். மோட்டார் ஜெயிக்கும், கால் மடியும். ஆனால் மடியும்போதே எதிர்த்துக்கொண்டிருக்கும். இளம் பனிச்சறுக்கு வீரர்களை இதில் பழக்கிய சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. மிதிக்கிற சைக்கிள் போதாது, தாங்குகிற சைக்கிள் வேண்டும் என்ற புரிதலில் பிறந்த கருவி அது. அத்தகைய எந்திரம் எல்லாருக்கும் கிடைக்காது. கிடைக்காதவர்களுக்கு அந்த வேலையின் ஒரு பகுதியையாவது தரக்கூடியது மலைப்பாதையின் இறக்கம்.

அந்த இறக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒற்றையடிப் பாதையில் மவுண்டன் பைக்கில் இறங்குகிறவர் சீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக நிற்க, குதிகால் சற்றே தாழ, பெடல் மேல் எழுந்து நிற்கிறார். முழங்கால் மடிந்திருக்கிறது, முழங்கை வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது, இரண்டு விரல்கள் மட்டும் பிரேக்கில். முன்சக்கரம் ஒரு வேரில் ஏறும்போது கையும் காலும் மடிந்து அதை விழுங்குகின்றன. வேர் கடந்ததும் நிமிர்கின்றன. சைக்கிள் கீழே துள்ளுகிறது, தலை மட்டும் ஒரே உயரத்தில் போகிறது. பனிமேட்டில் சறுக்குகிறவர் செய்வதும் இதுவே: பனி மேலெழும்பும் இடத்தில் காலை மடித்து, பள்ளத்தில் நீட்டி, தலையை அலுங்காமல் கொண்டுபோவது. வளைவு வந்தால் ஒற்றுமை இன்னும் துல்லியமாகிறது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் சைக்கிள்காரர் வலப் பெடலைக் கீழே இறக்கி அதன்மேல் எடையை ஊன்றுகிறார். சைக்கிளைச் சாய்த்து, உடலை அதைவிட நிமிர்த்தி வைக்கிறார். பனியில் இடப்பக்கம் திரும்பும்போதும் பெரும்பாரத்தைச் சுமப்பது வலக்கால்தான். கால்கள் சாய, மேலுடல் நிமிர்ந்து நிற்கும். புதிதாகப் பனிக்கு வருகிறவர் பயத்தில் வளைவின் உட்பக்கம் உடலைச் சரித்து விழுவதும், சரிவைக் கண்டு பின்னால் சாய்ந்து பிடியிழப்பதும் வழக்கம். மண் இறக்கத்தில் பழகியவருக்கு இந்த இரண்டு தவறும் ஏற்கெனவே வலியோடு புரிந்திருக்கும்.

காலுக்கு அடுத்தது கண். சைக்கிளோ பனியோ, முன்னால் இருக்கும் கல்லைப் பார்த்தால் அந்தக் கல்லில்தான் போய் மோதுவோம் என்பது பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்லும் எச்சரிக்கை. வளைவில் மனிதர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று மைக்கேல் லாண்ட், டேவிட் லீ என்ற இரு ஆய்வாளர்கள் கார் ஓட்டுநர்களை வைத்து ஆராய்ந்தார்கள். வளைவின் உள்விளிம்பு முன்னே துருத்தித் தெரியும் இடத்தை, அங்கே போய்ச் சேர்வதற்கு ஓரிரு விநாடி முன்பே ஓட்டுநரின் கண் தேடிப் பிடிக்கிறது என்று 1994இல் எழுதினார்கள். முன்கூட்டிப் பார்ப்பதால்தான் கைக்கு நேரம் கிடைக்கிறது. மலைப்பாதையில் வேகம் கூடக்கூட இந்தப் பழக்கம் கட்டாயமாகிறது: சக்கரத்தின் அடியில் இருப்பது ஏற்கெனவே முடிந்த கதை, கண் அடுத்த வளைவின் வாசலில் இருக்க வேண்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைப்பது, எந்தக் கோட்டில் நுழைந்தால் எங்கே வெளியே வருவோம் என்று முடிவெடுப்பது எல்லாம் இதோடு சேர்ந்தவை. தசையைப் போலவே இதுவும் பயிற்சியால் வருவது. இதைக் கற்பதற்குப் பனி அவசியமில்லை.

ஆனால் ஒற்றுமையைச் சொல்லிக்கொண்டே போனால் உண்மை தவறிவிடும். ஒரு துறையில் கற்றது இன்னொரு துறையில் உதவுமா என்ற கேள்வி உளவியலில் பழையது. இரண்டுக்கும் பொதுவான கூறுகள் எந்த அளவுக்கு உள்ளனவோ அந்த அளவுக்கே கற்றது கைமாறும் என்று எட்வர்ட் தார்ண்டைக்கும் ராபர்ட் வுட்வொர்த்தும் 1901இலேயே வாதிட்டார்கள். அந்த அளவுகோலில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தால் கைமாறாதவையும் தெரிகின்றன. சைக்கிளில் திசையைக் கை தொடங்கிவைக்கிறது. பனியில் பாதம் தொடங்கிவைக்க வேண்டும். சைக்கிளின் இரு சக்கரமும் ஒரே கோட்டில். பனியில் இரண்டு கால்களும் இரண்டு பலகைகளின் மேல் தனித்தனியாக வேலை செய்கின்றன. சைக்கிள் பக்கவாட்டில் வழுக்கினால் அது விபத்தின் தொடக்கம். பனியில் பக்கவாட்டில் வழுக்குவது வேகத்தைக் குறைக்கும் நுட்பம். பலகையின் உலோக விளிம்பு இறுகிய பனியில் எப்படிக் கடிக்கும், மதிய வெயிலில் இளகிய பனியில் எப்படிக் கடிக்காது என்பதைப் பனியைத் தவிர வேறெதுவும் சொல்லித்தராது. பனி அனுபவமே இல்லாத கெட்டிக்காரச் சைக்கிள்காரர் முதல் நாள் பனியில் தோளைத் திருப்பித் திரும்பப் பார்ப்பார். அது சைக்கிளிலிருந்து வந்த கெட்ட பழக்கம். உதவும் கூறுகள் கைமாறும்போது உபத்திரவமும் கூடவே வரும்.

அதனால்தான் ஒரே கோடை விளையாட்டை நம்பாமல் பலவற்றைச் சேர்ப்பது நல்லது. சைக்கிள் விட்ட இடத்தைச் சக்கரக் காலணி நிரப்புகிறது. இன்லைன் ஸ்கேட்டிங்கில் திருப்புவது கை அல்ல, பாதம்; ஒவ்வொரு கால் மீதும் தனித்தனியாக எடையை மாற்ற வேண்டும்; சக்கரத்தின் விளிம்பில் சாய்ந்து நிற்க வேண்டும். தமிழர்களுக்கு இந்த விளையாட்டு அந்நியமில்லை. சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1,000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்றார். சக்கரத்திலிருந்து பனித்தரைக்கு எவ்வளவு தூரம் என்பதை அமெரிக்காவின் எரின் ஜாக்சன் காட்டியிருக்கிறார். அவர் வளர்ந்தது புளோரிடாவின் ஒக்காலா. நம் ஊரைப் போலவே பனி எட்டிப் பார்க்காத வெப்ப ஊர். சக்கரத்தில் வளர்ந்த அவர், பனித்தரையில் சில மாதங்களே பழகி 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 500 மீட்டரில் அவருக்குக் கிடைத்தது 24ஆம் இடம். நான்காண்டுகள் பனித்தரையில் உழைத்த பிறகு 2022 பெய்ஜிங்கில் அதே தூரத்தில் தங்கம். சக்கரம் அவரைச் சில மாதங்களில் ஒலிம்பிக் வாசலுக்குக் கொண்டுபோனது. வாசலிலிருந்து மேடைக்குப் போக நான்காண்டுப் பனி தேவைப்பட்டது. கோடை விளையாட்டு எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது அரிது.

இந்தியாவிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு, கேரளத்தோடு தொடர்புள்ளவரும்கூட. தலச்சேரியைப் பூர்வீகமாகக் கொண்ட தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்து மணாலி அருகே வளர்ந்த சிவ கேசவன், 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காக லூஜ் விளையாட்டில் கலந்துகொண்டார். மல்லாந்து படுத்து, பனிக்கட்டித் தடத்தில் சிறு வண்டியில் பாய்ந்திறங்கும் விளையாட்டு அது. இந்தியாவில் அதற்குத் தடம் கிடையாது. அவர் வண்டியின் அடியில் சக்கரம் பொருத்தி, இமயமலைச் சாலைகளில், லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே இறங்கிப் பழகினார். அந்த ஆபத்தை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. ஆனால் அந்த வாழ்க்கை ஒரு பரிசோதனையாக நமக்கு முன் இருக்கிறது. கோட்டைத் தேர்ந்தெடுப்பது, தோளையும் கெண்டைக்காலையும் இலேசாக அழுத்தித் திருப்புவது, வேகத்தில் உடலைத் தளர்த்தி வைத்திருப்பது ஆகியவற்றைத் தார்ச்சாலை அவருக்குப் பழக்கியது. 2011இல் நாகானோவில் ஆசியக் கோப்பைத் தங்கம் வரை அவர் போனார். ஒலிம்பிக்கில் அவர் எட்டிய சிறந்த இடம் 2006 டுரினில் 25. வீட்டுப்பக்கத்தில் பனித்தடம் இருக்கும் ஜெர்மானியர்களுக்கும் அவருக்கும் இடையே இருந்த தூரத்தைச் சக்கரத்தால் மட்டும் கடக்க முடியவில்லை.

அடுத்த மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்து வரும். இப்படி நாலைந்து பெயர்களை எடுத்துக் காட்டுவது எளிது. பல விளையாட்டுகளில் சுற்றி எதிலும் தேறாமல் போனவர்களின் பெயரை யார் எழுதுகிறார்கள்? மூன்று வயதில் பனிச்சறுக்குப் பலகையில் ஏறி, அதையே பிடித்துக்கொண்டவர்கள் அல்லவா சாம்பியன் ஆகிறார்கள்? நியாயமான கேள்வி. தனி மனிதர்களின் கதை எதையும் நிரூபிக்காது. ஆர்னே குல்லிஷும் உடனாய்வாளர்களும் 51 ஆய்வுகளைத் திரட்டி, 6,096 விளையாட்டு வீரர்களின் வரலாற்றை ஒப்பிட்டார்கள். அவர்களில் 772 பேர் உலகின் முதல் வரிசைக்காரர்கள். இளையோர் பிரிவில் மிளிர்ந்தவர்கள் சீக்கிரமே ஒரே விளையாட்டில் ஆழ்ந்தவர்கள்தான். ஆனால் பெரியவர்களான பிறகு உலக உச்சிக்குப் போனவர்கள், தேசிய அளவோடு நின்றவர்களைவிடச் சிறுவயதில் பல விளையாட்டுகளில் பழகியவர்களாகவும், தங்கள் முதன்மை விளையாட்டுக்குத் தாமதமாக வந்தவர்களாகவும் இருந்தார்கள். இது காரணத்தை நிரூபித்துவிடவில்லை. பல விளையாட்டு ஆடும் பிள்ளைக்கு வசதியும் ஆரோக்கியமும் கூடுதலாக இருந்திருக்கலாம். சீக்கிரமே ஒன்றைப் பிடித்தால்தான் உச்சி என்ற நம்பிக்கையை மட்டும் இது அசைத்துவிடுகிறது. குழந்தைகளுக்கான விளையாட்டில் மதிப்பெண் பட்டியலுக்கும் தேசியப் பட்டங்களுக்கும் வயதுக் கட்டுப்பாடு வைத்திருக்கும் நார்வே, 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கங்களோடு முதலிடம் பெற்றது.

கடைசி மறுப்பு வேறு வகை. பனியே இல்லாத ஊரில் இந்த ஆராய்ச்சி எதற்கு? இதற்கு எளிய பதில், இந்தியாவில் யாருக்கும் போதுமான பனி இல்லை என்பதுதான். குல்மார்க்கிலும் அவுலியிலும் சறுக்கும் பருவம் மொத்தம் சில மாதங்கள். அதற்கும் உத்தரவாதமில்லை: 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டி, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. காஷ்மீரத்துப் பிள்ளையும் ஆண்டின் பெரும்பகுதியைப் பனியின்றித்தான் கழிக்கிறது. அந்த மாதங்களில் என்ன செய்வது என்பது அந்தப் பிள்ளைக்கும் நமக்கும் பொதுக் கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தே பனிக்குப் போனவரும் இருக்கிறார்: காப்பித் தோட்டங்களின் குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, மலையேற்றப் பயிற்சி வழியாகக் கிராஸ் கண்ட்ரி பனிச்சறுக்குக்கு வந்து, குல்மார்க்கில் கர்நாடகத்துக்குத் தங்கம் வென்றவர். திருவனந்தபுரத்திலும் இதற்கு வேண்டிய பொருள்கள் சிதறிக் கிடக்கின்றன; சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. காரியவட்டத்தில் 1985இல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில் சைக்கிள் பந்தயத் தளம் இருக்கிறது. கோவளத்தில் பிள்ளைகள் ஸ்கேட்போர்டும் அலைச்சறுக்கும் பழகுகிறார்கள். பக்கவாட்டில் நின்று இறங்கும் ஸ்னோபோர்டுக்கு அவை நெருங்கிய உறவு. களரியில் இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடித்து, மேலுடலை நிமிர்த்தி நெடுநேரம் நிற்கும் வடிவுகள், தொடையைத் தாங்கப் பழக்கும் வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவருகின்றன.

இதையெல்லாம் ஒலிம்பிக் கனவுக்காகச் செய்ய வேண்டியதில்லை. ஜனவரியில் குல்மார்க்குக்கோ மணாலிக்கோ குடும்பத்தோடு போய் முதல்முறை பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டப்போகிற நடுத்தர வயதுக்காரருக்கும் இது பொருந்தும். பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுவது முழங்கால். தாங்கப் பழகாத தொடை சோர்ந்துபோகும் மாலைநேரத்தில் விழுந்தெழுவது சிரமம். அக்டோபரிலேயே தொடங்கலாம். மாடிப்படியில் ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதற்கு நேரம் கொடுக்கலாம். வண்டிகள் வராத மண்பாதையில், மிதமான சரிவில், ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் அணிந்து, பெடலில் எழுந்து நின்று இறங்கிப் பழகலாம். பேருந்து ஓடும் பொன்முடிச் சாலை அதற்கான இடமல்ல. வாரத்தில் ஒருநாள் சக்கரக் காலணி. சைக்கிள்காரர்கள் செல்போனில் எத்தனை மீட்டர் ஏறினோம் என்று பார்த்துப் பெருமைப்படுவார்கள். பனிக்குப் போகிறவர் அதன் பக்கத்திலேயே இன்னொரு கணக்கையும் எழுதி வைக்கட்டும்: பிரேக்கை இறுக்கிப் பிடிக்காமல், கால் மடிந்து, கண் முன்னே இருக்க, எத்தனை மீட்டர் இறங்கினோம் என்று.